ஒவ்வொரு ஸ்டாலிலும் மூன்று தட்டு

“சும்மா குடுக்கிற பேனாவையும் பையையும் வாங்கினு வரப்போவுது. வேற என்னத்தப் பாக்கப்போவுது அது?”

எங்கள் மூத்த கேமராமேன் இதை முதலாளியிடம் சொன்னார். நான் அதே அறையில்தான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாரா, நான் அங்கே இருப்பதே அவர் கண்ணில் படவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எது மோசம் என்றும் தெரியவில்லை.

கருவிக் கண்காட்சிக்கு என்னை அனுப்புவது என்று முதலாளி அன்றைக்குத்தான் முடிவு செய்திருந்தார். எங்கள் வேலை நேரலை. கல்யாணம், கல்லூரி விழா, கபடிப் போட்டி, தேவாலயத் திருவிழா என்று எங்கே கூட்டம் கூடினாலும் நான்கைந்து கேமரா வைத்து, நடக்கும்போதே அதை யூடியூபிலும் மைதானத்துத் திரைகளிலும் காட்டுவோம். ஆஸ்டின் டவுனில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். கேமராக்களிலிருந்து வரும் படங்களில் எது வெளியே போக வேண்டும் என்று பொத்தானை அழுத்தித் தீர்மானிக்கும் கருவிக்கு ஸ்விட்சர் என்று பெயர். அதற்கு முன்னால் ஒரு நாற்காலி. அதில் உட்காருகிறவர் சொல்வதைத்தான் அன்றைக்கு எல்லோரும் கேட்க வேண்டும். முதலாளிதான் எப்போதும் உட்காருவார். நான் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மடிக்கணினியில் பாட்டு வரிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். பாட்டு மாறும்போதெல்லாம் அந்த நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

போன வருடத் திருவிழாவில்தான் எல்லாம் தொடங்கியது. தேவாலயத்துக்குள் இடம் கொள்ளாமல் மக்கள் மைதானம் முழுக்க நின்றிருந்தார்கள். அவர்களுக்காக வெளியே, திரைப் பலகைகளை அடுக்கி எழுப்பும் பெரிய எல்இடி சுவர் ஒன்று வாடகைக்கு நிறுத்தியிருந்தார்கள். ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போது சத்தம் முன்னால் வந்தது, திரையில் அவர் வாய் பின்னால் அசைந்தது. கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான், ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். திருவிழா முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் எங்கள் மேசைக்கு வந்தார். ஃபாதர் ஆமென் சொல்லி மூடின வாயை உங்க திரை இன்னும் திறந்து வெச்சிருக்கே என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“நீதானேம்மா எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ. எதனால அது?”

“வயர்லெஸ் பெட்டி சார்,” என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. கேமராவோடு தேர் பின்னால் நடக்க வேண்டியிருப்பதால், வயர் இல்லாமல் படத்தை அனுப்பும் பெட்டி ஒன்று எங்களிடம் உண்டு. பழையது. படத்தைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுமுனையில் விரித்துக் கொடுக்கும், அதற்கு நேரம் பிடிக்கும் என்று பாடத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். ஆரம்பத்தில் மேசையில் சோதித்தபோது சரியாகத்தானே இருந்தது என்று யாரோ கேட்டதற்கு, நேரமாக ஆகச் சூடேறிப் பின்தங்கும் என்று நானாகவே ஒன்றைச் சேர்த்தும் சொன்னேன். கேமராமேன் அண்ணா ஜன்னல் பக்கம் நின்று லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் நான் எல்லாம் தெரிந்தவள் ஆனேன்.

தெரியாது என்று சொல்லும் வசதி எனக்கு வீட்டில் இருந்ததில்லை. நாங்கள் நீலசந்திராவில் இருக்கிறோம். அப்பா வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. அம்மா ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் நம்பரை அப்பா வடிவத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பார். என் பள்ளிப் படிவங்களை எட்டாவதிலிருந்து நானே நிரப்பி, அப்பாவின் பெருவிரலைப் பிடித்து மையில் வைத்து நானே ஒற்றினேன். கரண்டு ஆபீஸ் காகிதமோ ரேஷன் கார்டுச் சமாச்சாரமோ கன்னடத்தில் நோட்டீஸோ எது வந்தாலும் வீடு மொத்தமும் என் முகத்தைப் பார்க்கும். பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று எழுதினால் பொய்.

ஆக, என் பேச்சை வைத்து முதலாளி புது வயர்லெஸ் பெட்டி வாங்குவது என்று தீர்மானித்தார். எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று பார்த்து எழுதிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. கூடவே ஒன்று சொன்னார். நீ சொல்லும் பெட்டி சரியாக அமைந்தால் இந்த வருடத் திருவிழாவுக்கு ஸ்விட்சரில் நீயே உட்காரு, எனக்கு முதுகு தாங்கவில்லை என்றார். அதற்குப் பிறகுதான் கேமராமேன் அண்ணா அந்தப் பேனாப் பேச்சைப் பேசியது.

கண்காட்சி தும்கூர் ரோட்டில். மெட்ரோ இறங்கி நடந்தேன். வாசலில் பதிவு செய்தபோது உங்கள் வேலை என்ன என்று ஒரு கட்டம் கேட்டது. கருவிகளை ஆராய்ந்து மதிப்பிடுகிறவள் என்ற அர்த்தத்தில் ‘டெக்னிக்கல் எவாலுவேட்டர்’ என்று தட்டினேன். என் பெயருக்குக் கீழே அதை அச்சடித்து, நாடா கோத்து, கழுத்தில் மாட்டிவிட்டார்கள். சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அதை நான் கழற்றவில்லை. அம்மா அதைக் காலண்டர் ஆணியில் மாட்டி வைத்தாள். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அதைப் பார்க்க இப்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

உள்ளே நுழைந்த பத்து நிமிடத்தில் தலை சுற்றியது. ஒரு ஸ்டாலில் பழக்கூடையை மூன்று கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. இன்னொன்றில் மீன்தொட்டி. திராட்சையும் தங்கமீனும் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு தெளிவாக. எந்தத் திரையிலும் எந்தக் குறையும் இல்லை. குறை இல்லாத இடத்தில் எதைப் பார்த்து எதை நிராகரிப்பது? நோட்டுப் புத்தகத்தில் கேள்விகள் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால் ஒருவர் முந்நூறு மீட்டர் என்றார், குறுக்கே ஆள் இல்லாவிட்டால் என்று மெதுவாகச் சேர்த்தார். திருவிழாவில் குறுக்கே ஆள் இல்லாமல் எப்படி இருக்கும்? எவ்வளவு பின்தங்கும் என்றால் எல்லோரும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றார்கள். அந்தக் கிட்டத்தட்ட எவ்வளவு என்று கேட்டால் வேறொருவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து எனக்குப் புரியாத நான்கு வார்த்தைகளைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் புரிந்த மாதிரி தலையாட்டி, அந்த நான்கையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் நின்றுபோனால் யார் வருவார்கள் என்று கேட்டேன். இருபத்துநாலு மணி நேரமும் ஆள் உண்டு என்று எல்லா ஸ்டாலிலும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அண்ணாவின் பேச்சு மனதில் இருந்ததால் பேனா நீட்டியவர்களிடம் எல்லாம் வேண்டாம் என்றேன். பையும் வேண்டாம் என்றேன். ஒரு பெண் பின்னாலேயே வந்து, ஃப்ரீதான் மேடம் என்று கெஞ்சினாள். அப்போதும் வாங்கவில்லை. விளைவு, விளக்கப் புத்தகங்களை எல்லாம் கையில் அடுக்கிக்கொண்டு, மேலே இருப்பது சரியாமல் மோவாயால் அழுத்திப் பிடித்தபடி அந்த ஹால் முழுக்க நடந்தேன். மற்றவர்கள் எல்லாம் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கையை வீசிப் போனார்கள்.

கடைசியில் கைகொடுத்தது எங்கள் வேலையில் பழகிய ஒன்றுதான். ஒவ்வொரு நேரலைக்கும் முன்னால் ஒருவர் கேமராவுக்கு எதிரே நின்று மூன்று முறை கைதட்டுவார். மேசையில் இருக்கும் சின்னத் திரையில் உள்ளங்கை சேர்வதும் காதில் சத்தம் விழுவதும் ஒரே நேரத்தில் நடக்கிறதா என்று இன்னொருவர் பார்ப்பார். எங்கள் ஆட்கள் இதைத் தட்டு என்பார்கள். ‘தட்டு பாத்தாச்சா?’ என்று கேட்காமல் முதலாளி எதையும் ஆரம்பிக்கமாட்டார். வார்த்தைகளை நம்ப முடியாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்று தோன்றியது.

நுழைந்தவுடன் இருந்த பெரிய நிறுவனத்தின் ஸ்டாலில் ஆள் உயரத்துக்கு ஒரு டிவி. புத்தகங்களைத் தரையில் வைத்துவிட்டு, கேமரா முன்னால் நின்று மூன்று தட்டுத் தட்டினேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். தன்னைத்தான் கைதட்டிக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அந்த ஸ்டால் இன்ஜினீயர் ஓடி வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்தேன். சத்தம் முடிந்து நன்றாக ஒரு கணம் கழித்துத்தான் டிவியில் இருந்த என் கைகள் சேர்ந்தன. பார்த்தீர்களா, பூஜ்யமாம் பூஜ்யம். இன்ஜினீயர் ஏதோ சொல்ல வந்தார். நான் காதில் வாங்காமல் குறித்துக்கொண்டேன்.

அதன்பின் ஸ்டால் ஸ்டாலாகத் தட்டினேன். பதினோராவதாக ஒரு சின்ன நிறுவனத்தின் ஸ்டால். மேசைமேல் கையகலத் திரை ஒன்றுதான் இருந்தது. அதில் தட்டு அப்படியே பொருந்தியது. மூன்றும். அந்தச் சந்தோஷத்தில் எழுதப் போனபோது என் பேனா தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவர்கள் நீட்டிய பேனாவை வாங்கித்தான் ‘தட்டு சரி’ என்று எழுதினேன்.

நான்கு பக்க அறிக்கை எழுதினேன். பெரிய நிறுவனத்தின் பெயர் போலி, சின்ன நிறுவனத்தின் பெட்டிதான் நிஜம் என்பது சாரம். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே இருப்பதால் தமிழ் பேசும்போதே கன்னடம் வந்து விழும்; அப்படியா என்பதற்கு ஹௌதாதான்.

“ஹௌதா? எல்லாரையும் தட்டியே பாத்துட்டியா?”

“பதினாலு ஸ்டால் சார்.”

அவர் சிரித்தார். அடுத்த மாதம் ஒரு ஹோட்டல் ஹாலில் சின்னக் கண்காட்சி இருக்கிறது, அங்கே அந்த நிறுவனத்துக்காரர்களிடம் இறுதியாகப் பேசிவிட்டு வா, வந்ததும் ஆர்டர் போட்டுவிடலாம் என்றார். கேமராமேன் அண்ணா என் மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்தார். அதில் அந்த நிறுவனத்தின் பெயர் பொன் எழுத்தில் மின்னியது. ஒரு பேனாவுக்கே நாலு பக்கமா என்று கேட்டுவிட்டு வைத்தார். முகம் சுட்டது. ஆனால் நாற்காலி என்னுடையது என்று ஆகிவிட்டிருந்தது. அதனால் பொறுத்துக்கொண்டேன்.

ஹோட்டல் எம்.ஜி. ரோடு பக்கம். ஹால் சின்னது, பத்துப் பன்னிரண்டு மேசைகள். நான் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கு இந்த முறை சுவரோரம் இடம், சுவரில் பெரிய டிவி. பேசவேண்டியதைப் பேசி முடித்துக் கிளம்பும்போது, பழக்கதோஷத்தில் கேமரா முன்னால் ஒரு தட்டுத் தட்டினேன்.

கைகள் பின்னால் சேர்ந்தன.

மறுபடி தட்டினேன். அதே. மூன்றாவது, நான்காவது. என் தலையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். எதிர் மேசையில் நான் போலி என்று எழுதிய பெரிய நிறுவனம் இருந்தது. அவர்கள் மேசைமேல் இந்த முறை கையகலத் திரை. போய்த் தட்டினேன். அச்சாகப் பொருந்தியது.

இரண்டு நிறுவனங்களின் காகிதத்தையும் மாற்றி எழுதிவிட்டேனோ என்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். இல்லை. பெட்டியை மாற்றிவிட்டார்களோ? பெரிய நிறுவனத்து இன்ஜினீயருக்கு என்னை ஞாபகம் இருந்தது. கைதட்டிக் கூப்பிட்ட மேடம் என்றார். அதே பெட்டிதான், போன முறை டிவிதான் லேட், அது ஸ்டால் போட்டுக்கொடுத்தவர்கள் வாடகைக்குக் கொண்டுவந்தது, அன்றைக்கே சொல்ல வந்தேன் என்றார். சின்ன நிறுவனத்துக்காரரிடம் போனேன். அவரும் டிவிதான் லேட் என்றார். இருவரும் ஒரே சாக்கைச் சொல்கிறார்களா, ஒரே உண்மையைச் சொல்கிறார்களா? உங்கள் பெட்டியை எதிர் மேசைத் திரையில் மாட்டிக் காட்டுங்கள் என்றேன். இருவருமே நான் ஏதோ தகாததைச் சொன்னதுபோல் பார்த்தார்கள்.

ஒரு காபி வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். யாரை நம்புவது என்று தெரியாதபோது யாரையும் நம்பத் தேவையில்லாத கேள்வி ஒன்று வேண்டும். காபி ஆறும்வரை அது கிடைக்கவில்லை. பிறகு சின்ன நிறுவனத்துக்காரரிடம் போய், உங்கள் பெட்டியையே கழற்றிவிடுங்கள், கேமராவிலிருந்து நேராக வயரை டிவியில் சொருகுங்கள் என்றேன். தன் பெட்டிமேல் இருந்த பழி நீங்கும் என்பதால் அவர் உடனே சம்மதித்தார். நடுவில் பெட்டியே இல்லை. கேமரா, வயர், டிவி. தட்டினேன்.

அப்போதும் என் கைகள் பின்னால்தான் சேர்ந்தன.

ஆக நான் பதினாலு ஸ்டாலில் தட்டிப் பார்த்தது பெட்டிகளை அல்ல. டிவிகளை. வாடகை டிவிகளுக்கு நான்கு பக்கம் தரச்சான்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை முதலாளி மேசையில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

பஸ்ஸில் வரும்போது அதைவிட மோசமான ஒன்று தோன்றியது. பெட்டியே இல்லாமல் ஒரு திரை பின்தங்கும் என்றால், போன வருடம் பின்தங்கியது எது? நாங்கள் தட்டுப் பார்ப்பது எப்போதும் மேசையில் இருக்கும் சின்னத் திரையில். எல்இடி சுவர் வேறொருவருடையது. அது கடைசி நேரத்தில்தான் எழும்பும். அதில் யாரும் தட்டுப் பார்த்ததே இல்லை. அது எங்கள் பொருள் அல்ல என்பதால் அது எங்கள் வேலையும் அல்ல என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

வீட்டுக்குப் போகாமல் ஆஸ்டின் டவுனில் இறங்கி அலுவலகம் ஏறினேன். போன வருடப் பதிவு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. ஸ்விட்சரிலிருந்து நேராகப் பதிவானது, எல்இடி சுவருக்குப் போகும் முன்பே. பிரசங்கத்தை ஓடவிட்டேன். ஃபாதரின் வாயும் குரலும் துளி பிசகாமல் சேர்ந்திருந்தன. யூடியூபில் பார்த்தவர் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பதிவை வெட்டி ஒட்டி யூடியூபில் ஏற்றியவளே நான்தான். ஒரு வருடமாக என் மேசையில் இருந்த பதில் அது.

கேமராமேன் அண்ணா மறுநாள் கபடிக்காகப் பேட்டரிகளுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். போன வருடம் பிரசங்கத்துக்கு எந்தக் கேமரா என்று கேட்டேன்.

“ஸ்டாண்டுல நின்ன கேமரா. வயருதான். வயர்லெஸ்ஸு தேரு கிளம்பினதுக்கு அப்புறந்தானே எடுத்தேன்.”

“அப்போ நான் வயர்லெஸ் பெட்டின்னு சொன்னப்போ ஏன்ணா சும்மா இருந்தீங்க?”

“நீ எங்க கேட்டே? புஸ்தகத்துல இருக்கிறத மளமளன்னு சொன்னே. சரி, படிச்ச பொண்ணு, நமக்குத் தெரியாத ஏதோ இருக்கும்னு வுட்டுட்டேன்.”

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் மாதிரித் தெரியவில்லை. எனக்குத் தெரியாதது ஏதோ அவருக்குத் தெரியும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவரோ என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருக்கிறார். அப்புறம் அந்தப் பேனாப் பேச்சை எதில் சேர்ப்பது? அதுவும் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை ஆர்டர் போடுவதாக ஏற்பாடு. நடுவில் ஒரு ஞாயிறு. அந்த நாள் முழுக்க நான் எனக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். புதுப் பெட்டி வந்தால் வரட்டுமே, நல்ல பெட்டிதானே. திருவிழாவுக்கு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். ஆனால் அந்தச் சுவர் மாறாது. நான் நாற்காலியில் இருக்க, மைதானம் முழுக்க மக்கள் பார்க்க, ஃபாதரின் வாய் மறுபடி பின்னால் அசையும். அப்போது முதலாளி என் பக்கம் திரும்பி எதனால் என்று கேட்பார். இந்த முறை என்ன சொல்வேன்? உண்மையை இப்போதே சொல்லிவிட்டாலோ, நாற்காலி போகும். ஒரு வருடம் எல்லோரையும் தப்பான பொருளைத் தேடவைத்தவளை அதில் யார் உட்காரவைப்பார்கள்? சாயங்காலம் அம்மா விடுதியிலிருந்து ஒரு காகிதம் கொண்டுவந்தாள், ஏதோ பிஎஃப் சம்பந்தமாக. வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு முறை படித்துவிட்டு, இது எனக்குப் புரியவில்லை அம்மா, நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சரி என்று மடித்து டப்பாவில் வைத்துவிட்டு அரிசி கழுவப் போய்விட்டாள். அவ்வளவுதானா? இத்தனை வருடமும் அவ்வளவுதானா என்று கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திங்கள் காலை முதலாளி வருவதற்கு முன்பே போய், என் அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘இந்த முடிவு தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்தேன். அவர் வந்ததும் பிரசங்கப் பதிவை ஓட்டிக் காட்டினேன். வயரைப் பற்றி, டிவியைப் பற்றி, சுவரைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பதிவை மூன்று முறை திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்.

“அப்போ ஒரு வருஷமா நாம தேவையில்லாததத் தேடினு இருந்தோமா?”

“தெரியல சார்.”

“தெரியலன்னா?”

“சுவருதான் லேட்டுன்னு நினைக்கிறேன். ஆனா சுவர நான் இன்னும் பாக்கல சார். தேருக்குப் புதுப் பெட்டி வேணுமா வேணாமான்னும் இப்போ எனக்குத் தெரியல. பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்.”

அவர் அறிக்கையை எடுத்து, நான் எழுதியதைப் படித்தார். ஹௌதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோபமா என்று தெரியவில்லை. நாற்காலி என்ன ஆகும் என்ற கேள்வி வாய்வரை வந்தது. அதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

“முதல்ல வாயும் சத்தமும் சேரட்டும். சேருல யாருன்றது அப்புறம்.”

அது இல்லை என்றா, இன்னும் இல்லை என்றா? மூன்று நாளாக யோசிக்கிறேன். நேற்று ஸ்விட்சர் மேசையைத் துடைக்கும்போது அந்த நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே துடைத்தேன். அது பணிவா வீம்பா என்றும் எனக்கே தெரியவில்லை.

ஆனால் சும்மா இருக்கவில்லை. ஃபாதரைப் பார்த்து, வியாழக்கிழமை காலை மைதானத்தில் ஒரு மணி நேரம் சோதனை செய்ய அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தேன். படித்துவிட்டு, என் வாய் அவ்வளவு மோசமாவா இருந்துது என்று கேட்டபடி கையெழுத்துப் போட்டார். எல்இடி சுவர்க்காரருக்கு எழுதினேன். சுவர் முழுதும் வேண்டாம், ஆறு பலகை நிறுத்தினால் போதும் என்றேன். பத்து மணிக்கு வந்துவிடுவதாகப் பதில் வந்துவிட்டது. இரண்டு நிறுவனத்துக்காரர்களிடமும் அவரவர் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் ஒரே சுவரில்தான் மாட்டுவேன், சம்மதம் என்றால் வாருங்கள் என்று எழுதினேன். பெரிய நிறுவனத்து இன்ஜினீயர் வருகிறேன் என்றார். சின்ன நிறுவனத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

பழைய பெட்டியையும் நீள வயரையும் கேமராமேன் அண்ணாதான் கொண்டுவர வேண்டும். இன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன்.

“தட்டப்போறது யாரு, நீயா?”

“நீங்க தட்டுங்கண்ணா. நான் சுவருக்கு எதிர்ல, மைதானத்துல, ஜனங்க நிக்கிற எடத்துல நின்னு பாக்கறேன்.”

அவர் வயரை இறக்கிச் சுற்ற ஆரம்பித்தார். மறுமுனையை எடுத்து நானும் சுற்றினேன். நாளைக் காலைக்காக அந்த வயர் இப்போது அலுவலக வாசலில் ஒரு பையில் இருக்கிறது, பழைய பெட்டியோடு. அந்தப் பை, தும்கூர் ரோட்டுக் கண்காட்சிக்கு நான் போய்வந்து இரண்டு நாள் கழித்துத் தானும் சுற்றிப் பார்க்கப் போன முதலாளி வாங்கிவந்தது. வாசலில் சும்மா கொடுத்தார்களாம்.